தலைகீழாக வந்த மருந்துச் சீட்டு

என் அன்பு வீட்டுக்காரிக்கு,

இதை நானே என் கையால் எழுதுகிறேன். கோணல்மாணலாக இருந்தாலும் எழுத்து என்னுடையது. இங்கே நான் சுகம். நீயும் மகளும் பிறந்த பேரனும் அங்கே சுகமாக இருக்க வேண்டும்.

நான் மாத்திரையை மாற்றிப் போட்டுவிடுவேன் என்று பயந்து, மகள் உடம்பு தேறும் முன்பே கிளம்பி வருகிறேன் என்றாயாம். அவள்தான் போனில் சொன்னாள். வராதே. ஏனென்று சொல்கிறேன். பொறுமையாகப் படி, நானும் பொறுமையாகத்தான் எழுதுகிறேன்.

மாடி வீட்டு நர்சிங் டீச்சர், தன் வகுப்பில் நோயாளியாக நடிக்க என்னை அழைத்தார். படிக்கத் தெரியாததை மறைக்கிற கிழவன் வேஷம். எழுத்துப் படிக்கும்வரை நானே அப்படித்தானே இருந்தேன், எனக்கு ஒத்திகை எதற்கு! மாணவி மருந்துச் சீட்டைத் தந்து விளக்குவாள். நான் எல்லாவற்றுக்கும் "சரிம்மா" என்று தலையாட்ட வேண்டும். டீச்சர் விடையே சொல்லித் தருவதில்லை. நடுவில் நிறுத்தி, "என்ன பார்த்தே? அதுக்கு என்ன அர்த்தம்? இப்ப என்ன செய்யப் போறே?" என்று கேட்பார், அவ்வளவுதான்.

முதலில் வந்தவள் கடகடவென்று ஒப்பித்துவிட்டு, "ஐயாவுக்கு எல்லாம் புரிஞ்சிடுச்சு" என்று போய்விட்டாள். அடுத்தவள் வகுப்பில் வாயே திறக்காதவளாம். ஊமைக்கோட்டான் என்று பட்டப்பெயர். அவள் என்ன செய்தாள் தெரியுமா? எனக்குப் படிக்கத் தெரியுமா என்று பார்க்க, சீட்டைத் தலைகீழாக நீட்டினாள். எனக்கு வேஷம் மறந்துபோயிற்று. படிக்கக் கற்ற திமிர், சட்டென்று நேராகத் திருப்பிவிட்டேன். "தாத்தா மாட்டிக்கிட்டாரு!" என்று ஒருத்தி கத்த, வகுப்பே சிரித்தது.

டீச்சர் சிரிக்காமல் அவளிடம், "என்ன பார்த்தே?" என்றார். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "படிக்கத் தெரியும், மேடம். நான் நினைச்சது தப்பு. ஆனா இன்னும் எல்லாத்துக்கும் சரி சரின்னுதான் சொல்றார். புரிஞ்சுதான்னு எனக்குத் தெரியாது" என்றாள். பிறகு என் பக்கம் குனிந்து, "ஐயா, நான் ஒழுங்காச் சொன்னேனான்னு பார்க்கணும். எப்படிப் போடுவீங்க, செஞ்சு காட்டுங்களேன்" என்றாள்.

நான் எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தேன்: 'உணவுக்கு முன்.' படித்துவிட்ட பெருமையில், சாப்பிடுவதுபோல் பாவனை செய்து, வாயைத் துடைத்துக்கொண்டு, அப்புறம் மாத்திரையை எடுத்தேன்! அது நடிப்பே இல்லை. எழுத்தைப் பிடிப்பதற்குள் பொருள் நழுவிவிட்டது.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவள் சீட்டின் ஓரத்தில் ஒரு மாத்திரையும், அதற்கு அடுத்து ஒரு தட்டும் வரைந்து, மறுபடி செய்து காட்டச் சொன்னாள். சரியாகச் செய்தேன். "படிக்கத் தெரிஞ்சவங்களையும் கேட்கணும்" என்று டீச்சர் எல்லோருக்கும் சொன்னார். ஊமைக்கோட்டான் அன்று முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தாள்!

வீட்டுக்கு வந்ததும் நம் மாத்திரை டப்பாக்களைப் பரப்பி, படித்து, டீச்சர் முன்னாலேயே ஒவ்வொன்றாகச் செய்து காட்டினேன். ஒன்றுகூடத் தப்பில்லை.

ஆகவே நீ இரு. மகள் நிமிர்ந்து நடக்கும்வரை இரு. ஆனால் ராத்திரி படுக்கும் முன், "எதைப் போட்டீங்க, எப்படிப் போட்டீங்க?" என்று கேட்பாயே, அதை மட்டும் போனில் கேட்டுக்கொண்டே இரு. தெரிந்தவனையும் கேட்க வேண்டுமாம். டீச்சரே சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
இனிமேல் கைநாட்டு வைக்காத
உன் கணவன்