அசையாமல் நின்றவர்

திண்டிவனம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள சங்கவிக்கு,

வியாழக்கிழமை விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு வந்த எஸ்.ஐ. உன் அப்பா எடுத்த படத்தைக் காட்டி, "இவருதானேம்மா?" என்று கேட்டபோது, இல்லை என்று நான் சொல்லவில்லை. அடித்தவர்களில் ஒருவனின் பெயர் எனக்குத் தெரியும், அதையும் சொல்லவில்லை. நேற்று நீ போனில் கேட்டபோது அப்பாவுக்கு லேசான அடிதான் என்றேன், அதுவும் உண்மையில்லை. கடிதம் என்றால் முதலில் நலம் எழுத வேண்டும், அதனால் உள்ளபடியே எழுதுகிறேன். உன் அப்பாவுக்கு இடது முன்கை எலும்பு முறிந்திருக்கிறது, மண்டையில் தையல், முன்பல் இரண்டும் இல்லை, விலாவில் விரிசல், தும்மல் வந்தால் தலையணையைக் கட்டிக்கொண்டு அழுகிறார். உயிருக்கு ஒன்றுமில்லை, நேற்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். நீ அந்த மலைக்குளிரில் நலமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

போனிலேயே சொல்லலாமே என்பாய். நேற்று சொல்லத்தான் ஆரம்பித்தேன், நீ "மா, சும்மா இரு, கேமரா பொய் சொல்லாதுன்னு அப்பா எத்தினி வருஷமா சொல்லிக்கினு இருந்தாரு, இப்பதான் நானே ஒத்துக்கினேன், நடுவுல நீ வராத" என்றாய். அப்பா பக்கத்தில் படுத்திருந்தார், ஸ்பீக்கரில் கேட்டு அந்த உடைந்த வாயோடு சிரித்தார். அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை. பேச்சு எனக்கு எப்போதுமே இப்படித்தான், நூலகத்திலிருந்து எடுத்து வரும் புத்தகங்களைப் பற்றிக்கூட உங்கள் இருவரிடமும் நான் வாய் திறந்ததில்லை. இந்தத் தாள்களை எழுதி முடித்ததும் படமெடுத்து வாட்ஸாப்பில் அனுப்புகிறேன், தபாலுக்கு நேரமில்லை. முழுதும் படித்துவிட்டு அப்புறம் என்மேல் கோபப்படு.

பொங்கலுக்கு வந்தபோது மொட்டைமாடியில் நீயும் அவரும் போட்ட சண்டையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. "கல்யாணக் கேமராவைத் தூக்கிக்கினு ஏம்ப்பா அலையற, என் போனு நாலு நிமிஷத்துல பால்வீதியையே எடுக்குது" என்று நீ சொன்னாய். "போனு எங்கடி எடுக்குது, அது வரையுது. எது இருக்கணும் எது இருக்கக் கூடாதுன்னு அதுவே பாத்து ஒட்டுப்போடுது. கேமரா கண்ணைத் தொறந்து வெச்சிக்கினு இருக்கும், வந்தது வந்ததுதான்" என்று அவர் சொன்னார். எனக்குப் புரியவில்லை என்று நீதான் அப்புறம் சமையலறையில் வந்து விளக்கினாய். போன் வரிசையாகப் பல படங்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும், நட்சத்திரங்களை இழுத்துச் சரியாகப் பொருத்தும், நடுவில் எது குறுக்கே போனாலும் அதைத் தூக்கிப் போட்டுவிடும். கேமரா அரை நிமிடம் திறந்தே இருக்கும், அசையாதது தெளிவாகப் பதியும், அசைந்தது கரைந்து போகும். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள், நீ சொல்லிக்கொடுத்ததுதான். நீ ஊருக்குப் போன பிறகும் அவருக்கு அந்தச் சண்டை ஆறவில்லை. மாசி அமாவாசைக்கு மறுநாள் முகூர்த்தம் எதுவும் இல்லை, ஸ்டுடியோவுக்கு வேலையும் இல்லை, "வா மலரு, ரெண்டையும் ஒரே எடத்துல வெச்சி எடுத்து அனுப்புவோம், உன் பொண்ணு வாயை மூடட்டும்" என்றார். நான் ஆசையாகத்தான் போனேன். எனக்கு முப்பத்தொன்பது வயதாகிறது, நட்சத்திரம் பார்க்க வா என்று இதுவரை யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை.

பெருமுக்கல் மலையைத் தாண்டி, கடலை இன்னும் பிடுங்காத ஒரு மல்லாட்டைக் கொல்லை, சுண்ணாம்பு அடித்த ஒரு மோட்டார் கொட்டகை, பக்கத்தில் ஒற்றைப் பனை. விடிவதற்கு முன்னால் தென்கிழக்கில் பால்வீதி அந்தப் பனைக்குப் பின்னால் எழும் என்று அவர் முன்பே போய்ப் பார்த்து வைத்திருந்தார். வரப்பில் கேமராவை நிறுத்தி, அது தானாகவே ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கும்படி வைத்தார். நான் நீ கொடுத்த பழைய போனை ஒரு கல்லில் சாய்த்து அழுத்தினேன். பிறகு அவர் டார்ச்சில் சிவப்புத்தாள் சுற்றிக்கொண்டு கொட்டகைக்குப் போய், குனிந்து நடந்தபடி அதன் சுவர்மேல் வெளிச்சத்தை மெதுவாகப் பூசினார், கொட்டகையும் படத்தில் விழ வேண்டும் என்று. உனக்கு அது தெரிந்த வேலை. அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. தை மாதத்திலிருந்து அங்கே யாரோ மோட்டார் கேபிளை வெட்டிச் செம்புக்காகத் திருடிக்கொண்டு போகிறார்கள், தண்ணீர் இல்லாமல் பயிர் காய்கிறது, ஜனங்கள் மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்கு விழித்துக் காவல் கிடக்கிறார்கள். விடிவதற்கு முன்னால் மோட்டார் கொட்டகையில் ஒருவன் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு குனிந்து நடந்தால் அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? கொல்லைக்காரர் பூமாலை தன் வீட்டிலிருந்து அந்தச் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுக் காவலுக்கு இருந்த பையன்களுக்குப் போன் போட்டிருக்கிறார்.

மூன்று பேர் சத்தமில்லாமல் பின்னால் வந்தார்கள். முதல் அடி கையில் விழுந்தது, கரும்பை முழங்காலில் வைத்து முறிப்பது போல ஒரு சத்தம், வரப்பில் நின்ற எனக்கே கேட்டது. "கேபிளு எங்கடா? எத்தினி பேருடா வந்துகிறீங்க?" என்று ஒருவன் இரும்புக் குழாயாலும் ஒருவன் மண்வெட்டிக் கழியாலும் மாற்றி மாற்றி அடித்தார்கள். உன் அப்பாவால் ஸ்டுடியோ, ஸ்டுடியோ என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. "ஸ்டுடியோவா? அப்ப சிரிடா, போட்டோ புடிக்கலாம்" என்று பச்சைச் சட்டைக்காரன் வாயில் மிதித்தான். பல் அப்போதுதான் போனது. நான் கத்திக்கொண்டே ஓடினேன், ஒருவன் என் தலைமயிரைப் பிடித்துச் சுழற்றிச் செடிகள்மேல் வீசினான், "பொம்பளைய வேற இட்டுக்கினு வந்துகிறான் பாரு" என்றான். அப்போது கழி வைத்திருந்தவன், "வல்லரசு, தலையில வேணாண்டா" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். பச்சைச் சட்டைக்காரன் தலையில்தான் போட்டான்.

பூமாலை அப்போதுதான் வந்து சேர்ந்தார். ஒரு கையில் தடி, ஒரு கையில் டார்ச். டார்ச் வெளிச்சம் சுண்ணாம்புச் சுவரில் பட்டு அவர் முகத்தில் விழுந்தது. கீழே கிடப்பவர் யார் என்று தெரிந்ததும் அப்படியே நின்றுவிட்டார், மூச்சு நின்ற மாதிரி, தடியைத் தூக்கவுமில்லை, போடவுமில்லை. பிறகுதான் அவருக்குக் குரல் வந்தது. "டேய் வுடுங்கடா! நம்ம குமரேசண்ணன்டா, என் தங்கச்சி கல்யாணத்துக்குப் படம் புடிச்சவருடா!" என்று நடுவில் விழுந்தார், அவர் தோளிலும் குழாய் இறங்கியது, தடியால் அவர்களைத்தான் விளாசித் துரத்தினார். தன் குட்டியானை வண்டியில் அப்பாவைப் படுக்க வைத்து, "ஜல்தி ஏறுக்கா" என்று என்னையும் ஏற்றிக்கொண்டு திண்டிவனத்துக்கும் அங்கிருந்து விழுப்புரத்துக்கும் ஓட்டினார். "நான்தான் போன் பண்ணிக் கூப்ட்டேங்க்கா, நான்தான் கூப்ட்டேன்" என்று வழியெல்லாம் அழுதார். என் மடி முழுக்க உன் அப்பாவின் ரத்தம்.

அடி விழுந்த நேரமெல்லாம் வரப்பில் அந்தக் கேமரா தன் பாட்டுக்கு எடுத்துக்கொண்டிருந்திருக்கிறது, வண்டி ஏறும்போது அதையும் போனையும் நான் வாரிக்கொண்டு வந்திருந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு கையால் அழுத்தி அழுத்தி அவர் பார்த்தார், நானும் பார்த்தேன். டார்ச்சுகள் வெள்ளைக் கீறல்களாக நெளிகின்றன, ஆட்கள் இல்லை. ஒரே ஒரு படத்தில் மட்டும் பூமாலை, கையில் தடியோடு, ஸ்டுடியோவில் நிற்க வைத்து எடுத்தது போல அவ்வளவு தெளிவாக. தலைக்கு மேல் பால்வீதி. காலடியில் வெளிறிய ஒரு கறை, அதுதான் உன் அப்பா. அடித்தவர்கள் ஒரு வினாடிகூட அசையாமல் நிற்கவில்லை, அதனால் அவர்கள் இல்லை. நானும் ஓடிக்கொண்டிருந்தேன், அதனால் நானும் இல்லை. என் போனில் விழுந்தது இன்னும் மோசம், பனையும் கொட்டகையும் வானமும் மட்டும், மனிதன் கால் வைக்காத இடம் போல அத்தனை அமைதி. ஒன்று யாரையுமே காட்டவில்லை, மற்றது அடிக்காதவரை மட்டும் காட்டுகிறது. தலையில் விழுந்த அடியில் அன்று நடந்தது எதுவும் அப்பாவுக்கு நினைவில்லை, அவருக்கு அந்தப் படம்தான் நினைவு. நான் சொன்னால், "நீ பயத்துல பாத்த, கேமரா பயப்படாது" என்கிறார்.

நான் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று கேட்பாய். புதன்கிழமை மாலை வார்டு வராந்தாவில் வல்லரசு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். "அண்ணன் எப்டி கிறாரு அக்கா?" என்றான். பையிலிருந்து ஒரு கமலாப்பழத்தை எடுத்து உரித்துக்கொண்டே, "பொண்ணு வடக்க தனியா தங்கிப் படிக்குதாமே, ரொம்பக் குளிராமே, பாத்து இருக்கச் சொல்லுங்க" என்றான். உரித்த பழத்தை என் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டுப் போனான். மறுநாள் எஸ்.ஐ. வந்தபோது என் கையில் அந்த வாசனை இருந்தது. பூமாலையும் மறுத்துப் பேசவில்லை, "நான்தாங்க கூப்ட்டேன், அப்ப நான்தான்" என்று போலீஸ்காரர்களிடம் சொல்லியிருக்கிறார். அவரைத் திங்கட்கிழமை காலையில் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள், அன்றைக்கு உள்ளே வைத்துவிடுவார்கள்.

எஸ்.ஐ.க்குக் கொடுத்த அதே படத்தை அப்பா உனக்கும் அனுப்பினார், அதில் நீ பூமாலையின் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, இவனைக் கண்டுபிடியுங்கள் என்று எழுதி ஊரே பார்க்கும்படி நெட்டில் போட்டிருக்கிறாய். கீழே, அப்பா ஜெயிச்சிட்டார் என்றும் எழுதியிருக்கிறாய். அதற்கு வந்திருப்பதையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். கையை வெட்டணும் என்கிறான் ஒருவன், போலீசுக்கு விடாமல் நாமே முடிக்கணும் என்கிறான் ஒருவன், ஒரு பெண் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறாள். சங்கவி, அவர் அடிக்கவில்லை. அவர் வந்திராவிட்டால் நீ இப்போது ரயிலில் வந்துகொண்டிருப்பாய், கொள்ளி வைக்க. அந்தப் படத்தை உடனே எடுத்துவிடு, உன் அம்மா கண்ணால் பார்த்தது இது என்று அங்கேயே எழுது. வல்லரசின் பெயரை நீ எழுதாதே, அதை நான் நாளைக் காலையில் ஸ்டேஷனில் சொல்லிக்கொள்கிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, அவர் என்னோடு பேசாமல் இருந்தால் இருக்கட்டும். நீ கொஞ்ச நாளைக்கு அறையில் தனியாகப் படுக்காதே, உன் தோழி ஆர்த்தியோடு போய்த் தங்கு, வார்டனிடம் நடந்ததைச் சொல்லி வை, தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுக்காதே. பயம் எனக்குப் போய்விடவில்லை.

கேப்பை மாவும் மல்லாட்டை உருண்டையும் பார்சலில் போட்டிருக்கிறேன், உருண்டையை எல்லாருக்கும் கொடுத்துவிட்டு நீ வெறுமனே இருக்காதே. காலுறை இல்லாமல் வெளியே போகாதே. கேமரா வாங்கலாமா, போனே போதுமா என்று போன வாரம் கேட்டிருந்தாய். எதை வேண்டுமானாலும் வாங்கு, அது எதை விட்டுவிடும் என்று தெரிந்துகொண்டு வாங்கு.

நல்ல படிப்பும் நல்ல தூக்கமும் உனக்கு அமையட்டும், உன்னால் ஒருவருக்கும் தீங்கு வராத வாழ்வு அமையட்டும். படத்தை இன்றிரவே எடுத்துவிடு, மறக்காதே.

உன் அம்மா,
மலர்விழி

திங்கள், மதியம்

நீ இரவே படத்தை எடுத்துவிட்டு நான் பார்த்ததை எழுதியிருந்தாய், காலையில் பார்த்தேன். ஸ்டேஷனில் எல்லாவற்றையும் சொன்னேன், வல்லரசின் பெயரையும் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். பூமாலை வரவில்லை. ஸ்டேஷனுக்கு வரும் வழியில் டீக்கடையில் நின்றவரை, போனில் அந்தப் படத்தைப் பார்த்திருந்த நான்கு பேர் அடையாளம் கண்டு அடித்திருக்கிறார்கள். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். வலது கண் போய்விட்டது.