அம்மா விழுந்த படம்

கியோத்தோ, ஜூன் 1974

அன்பு மகள் ஃபுசாவேவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். பிரேசிலில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் எங்களுக்குப் பெரிது. நான் மட்டும் இந்த மழைக்காலம் தொடங்கியதிலிருந்து ஓரிடத்தில் உட்காரவில்லை, காரணம் ஒரு தகர டப்பா. போன மாதம் இறந்த உன் மாமா வீட்டுப் பரணில் கிடைத்தது, உள்ளே பழைய ஊமைப்படச் சுருள், ஒரு சிரிப்புப் படம். அதில் பத்தொன்பது வயதில் உன் அம்மா கியோனோ நடித்திருக்கிறாள், தெரியுமா? அதற்காகத்தான் அவள் அப்பா அவளை வீட்டில் சேர்க்கவில்லையாம், எனக்கே இப்போதுதான் சொன்னாள். பழைய படம் சேகரிக்கும் குரோசே என்பவர் மோப்பம் பிடித்து வந்து, உலகத்தில் வேறு பிரதியே இல்லை, தீயிலும் போரிலும் எல்லாம் போய்விட்டது என்று தினமும் வாசலில் நின்றார். அம்மா கொடுக்க மாட்டேன் என்றாள், பார்க்கவும் மாட்டேன் என்றாள். அந்தச் சுருள் சட்டென்று தீப்பிடிக்குமாம். வீட்டுக்குள் வைத்தால் எனக்குப் பயம், வெளியே வைத்தால் மழை, தூக்கிக்கொண்டு அலைந்தேன். புளித்த நாற்றம் வேறு. சுருள் மக்கிக்கொண்டு வருகிறது, இன்னும் கொஞ்ச நாளில் மிச்சமிருக்காது என்று குரோசே சொன்ன அன்று, அம்மா என்ன நினைத்தாளோ, முதலில் எனக்குக் காட்டு என்றாள். இயந்திரத்தில் ஓட்டினால் நொறுங்கிவிடும் என்று அவர் சன்னல் வெளிச்சத்தில் கையால் பிரித்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் காட்டினார். ஒரு பெண் சலவைத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போலீஸ்காரனுக்குப் பயந்து ஓடுகிறாள். கடைசிப் பகுதி கெட்டியான தேன் மாதிரி ஒட்டிப் போயிருந்தது. அப்புறம் என்னாச்சு என்று குரோசே கேட்டார். அம்மா எழுந்தாள், நான் தடுப்பதற்குள் ஓடி, வழுக்கி, இரண்டு கால்களும் மேலே போக பாயில் மல்லாந்து விழுந்தாள். எனக்கு உயிர் போய்விட்டது. குரோசேவுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா படுத்தபடியே, “சிரிக்கணும் தம்பி, இது சிரிப்புப் படம்” என்றாள். அவர் பிரதி எடுக்கச் சுருளைக் கொண்டுபோய்விட்டார், அம்மாவே கையில் கொடுத்தாள். இடுப்பு வீங்கியிருக்கிறது, ஒத்தடம் கொடுக்கிறேன். ஆனாலும் விழுந்தது சரியாக வரவில்லை, இடது கால்தான் முதலில் போகணும் என்று முணுமுணுக்கிறாள், நேற்று கொல்லையில் தொட்டியோடு ஓடிப் பார்த்தவளைப் பிடித்துவிட்டேன். சலவைத் தொட்டியை ஒளித்து வைத்திருக்கிறேன்.

நீ தீர்க்காயுசாக இரு. குழந்தைக்குக் காதுவலி என்றாயே, குளிர்ந்த தண்ணீரில் விடாதே. அம்மாவுக்கு எழுதும்போது விழாதே என்று எழுது, நான் சொன்னால் கேட்பதில்லை.

உன் அப்பா
தாட்சுசோ