ரயிலுக்குப் படைத்த பொரி

பாலகாட், கோலார் தங்கவயல்.
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள வசுமதிக்கு வின்னி எழுதுவது.

நலம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும் என்று வகுப்புப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுக்கிறவள் நான். இன்றைக்கு எனக்கு அந்தப் பொறுமை இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். சென்னையில், பின்னால் புத்தக அலமாரி தெரிய, முகத்துக்கு நேரே வட்ட விளக்கு எரிய உட்கார்ந்துகொண்டு, பதிமூன்று வயதுப் பிள்ளையை எல்லார் முன்னாலும் பொய்க்காரி ஆக்கினவளுக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது?

இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். நீ எடுத்தால்தானே! வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வருகிறது. உன் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யட்டும், தாயே? காகிதத்தில் எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினால் கையெழுத்துப் போட்டாவது வாங்குவாய். எங்கள் வீட்டுக்காரர் ரிச்சர்ட் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பேப்பரு கிழிஞ்சிடப் போவுது, மெதுவா எழுதும்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறார். கிழிந்தால் கிழியட்டும் என்று சொல்லிவிட்டேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நீயும் அங்கே இருந்தவள்தான். ஆனால் திரையின் இந்தப் பக்கத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று நீ கேட்டே ஆக வேண்டும்.

நம் ஆன்லைன் வகுப்பில் சங்கப் பாட்டு உன் பங்கு, கட்டுரை எழுத வைப்பது என் பங்கு. சிங்கப்பூர், துபாய் என்று எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகளோடு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலரையும் சேர்த்துக்கொள் என்று உன்னைக் கெஞ்சியது நான்தான். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிரிவை மூடிவிட்டார்கள். பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், தெருவில் கன்னடம் பேசுகிறார்கள், புத்தகத்தில் இங்கிலீஷ் படிக்கிறார்கள். தமிழ் எழுத உட்கார்ந்தால் எழுத்துக்கு எழுத்து என் முகத்தைப் பார்க்கிறார்கள். மமதாவும் அப்படி வந்தவள்தான். எங்கள் வரிசையில் கடைசி வீடு. அவள் அப்பா காத்தவராயன், விடியுமுன் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூரில் ஒரு லேத் பட்டறைக்குப் போய், இருட்டின பிறகு வீடு திரும்புகிறவர். தங்கச் சுரங்கத்தை மூடின நாளிலிருந்து இந்த ஊர் ஆண்கள் பாதிப் பேருக்கு அந்த ரயில்தான் பிழைப்பு.

ஐந்து நிலங்களை நீ அழகாகத்தான் நடத்தினாய். அதில் நான் குறை சொல்ல மாட்டேன். மலை, காடு, வயல், கடல், பாலை, அங்கங்கே காத்துக்கிடக்கிற பெண்கள், பொருள் தேடிப் பிரிந்து போகிற ஆண்கள். மமதா வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். கடைசியில் நீயே சொன்னாய், உங்கள் ஊர் எந்த நிலம், அங்கே யார் யாரைப் பிரிந்திருக்கிறார்கள் என்று எழுதிக் கொண்டு வாருங்கள் என்று. அவளும் எழுதிக் கொண்டு வந்தாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

எங்கள் ஊர் இந்த ஐந்தில் எதிலும் சேராது என்று ஆரம்பித்திருந்தாள். எங்கள் ஊரில் மனிதர்களே கட்டின ஒரு வெள்ளை மேடு இருக்கிறது, பொன்னை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டின மேடு, ஆடிக் காற்றில் அது எழுந்து வந்து கொடியில் காய்கிற துணியில் உட்காரும், சோற்றில் நறநறக்கும் என்று எழுதியிருந்தாள். அப்பா போகும்போதும் நான் தூக்கம், வரும்போதும் தூக்கம், கன்னத்தைத் தொடுகிற கையில் எண்ணெய் வாசனை வந்தால் அப்பா வந்துவிட்டார் என்று தெரிந்துகொண்டு திரும்பிப் படுப்பேன் என்று எழுதியிருந்தாள். ஆயுத பூசை சமயத்தில் அப்பாவும் கூடப் போகிறவர்களும் ரயில் பெட்டிக்கு வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைப்பார்கள்; அப்பா உட்காருகிற ஜன்னல் கம்பிக்கு ஒரு பொட்டு கூடுதலாக வைக்கச் சொல்லி அம்மா சொல்லி அனுப்புவாள்; அப்பாவைக் கொண்டுபோவதும் அந்த ரயில்தான், திருப்பிக் கொண்டுவருவதும் அதுதான், அதனால் அதன்மேல் கோபப்படக் கூடாது என்பாள் என்று முடித்திருந்தாள். அதைப் படித்துவிட்டு நான் அடுப்பில் வைத்த பாலை மறந்து பொங்க விட்டேன்.

நீ என்ன செய்தாய்? போன வார வகுப்பில் அதைத் திரையில் பெரிதாகப் போட்டாய். பேரோடு போட்டாய். இது ஏஐ எழுதின கட்டுரை, இப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டும் பாருங்கள் என்று பாடம் நடத்தினாய். மேடு பறந்து வந்து சோற்றில் விழுகிறதாம், ரயிலுக்கு வாழைமரம் கட்டிப் பூசை போடுகிறார்களாம், இயந்திரத்துக்கு இப்படித்தான் வாய்க்கு வந்ததை அவிழ்த்துவிடத் தெரியும் என்று சொல்லிச் சிரித்தாய். பிள்ளைகளும் சிரித்தார்கள். திரை முழுக்கச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகள் மிதந்தன. மமதா மைக்கைத் திறந்து, மிஸ், மிஸ் என்றாள். நீ அதை அடைத்தாய். அவள் வாய் அசைந்துகொண்டே இருந்தது, சத்தம் வரவில்லை. வசு, நிறுத்து என்று நான் கத்தினேன். என் மைக்கையும் அடைத்துவிட்டாய். அடிப்பாவி!

இவ்வளவு சுத்தமான தமிழ் ஒரு பிள்ளைக்கு எங்கிருந்து வரும் என்று வேறு கேட்டாய். உன்னிடமிருந்துதான் வந்தது! கட்டுரையில் ஒரு இங்கிலீஷ் வார்த்தைகூட இருக்கக் கூடாது என்பது யார் போட்ட சட்டம்? ஷிப்ட், ஷாப்ட், கேஜ் என்று சுரங்கப் பேச்சு பேசித்தான் இந்த ஊர் மூன்று தலைமுறையாகச் சோறு தின்றது. மமதா முதலில் சைனைட் டம்ப் என்றுதான் எழுதியிருந்தாள், இங்கே பிறந்த எல்லாரும் சொல்கிற மாதிரி. உன் சட்டத்துக்காக அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு வார்த்தையாகச் சுரண்டி எடுக்க வைத்தேன். சைனைட் டம்ப் வெள்ளை மேடு ஆனது. லேத்துக்கு அகராதியைப் புரட்டி ஏதோ ஒரு பேரைக் கண்டுபிடித்தாள், அவள் அப்பாவுக்கே அது என்னவென்று புரியவில்லை. அவள் வாயிலிருந்த பேரையெல்லாம் பிடுங்கி, சலவை செய்து, மடித்துக் கொண்டுவந்து வைத்தால், இது யாருடைய துணி என்று கேட்கிறாய்.

திங்கட்கிழமை காத்தவராயன் லீவு போட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வாங்க என்றால் வரவில்லை. "இன்னாங்க டீச்சர், எம்பொண்ணு எழுதல, மிஷின் எழுதிச்சின்னு சொல்லிட்டாங்களாமே? நான் லேத்துல நிக்கிறவன், எனக்கு இன்னா தெரியும்? நீங்க சொல்லுங்க, அவ எழுதினாளா, இல்லியா?" என்று கேட்டார். அவள்தான் எழுதினாள் என்றேன். "அப்ப அதை அங்கியே சொல்றதுக்கின்னா?" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. மைக்கை அடைத்துவிட்டார்கள் என்று அந்த மனிதரிடம் நான் எப்படிச் சொல்வேன்? போகும்போது சொன்னார், "இனிமே தமிழு வாணாம்பா, நான் கன்னடத்துலயே எழுதிக்கிறேன், அங்க யாரும் என்னைத் திருடின்னு சொல்ல மாட்டாங்க அப்படிங்கிறா." நேற்று வகுப்பில் அவள் கட்டம் திரையில் இல்லை. நீ பேர் கூப்பிடும்போது அவள் பேரைத் தாண்டிப் போனாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் உனக்கு அத்தாட்சி அனுப்பவில்லையா? என் வழக்கம் உனக்குத் தெரியும். பிள்ளைகள் முதலில் கட்டுரையை வாயால் சொல்ல வேண்டும், நான் போனில் பதிவு செய்வேன், பிறகுதான் பேனா. மமதா திக்கித் திணறி, அப்பா கை வாசனையைச் சொல்ல வந்து பாதியில் நிறுத்தி மூக்கை உறிஞ்சுகிற குரலை வகுப்பு முடிந்த அன்று ராத்திரியே உனக்கு அனுப்பினேன். மறுநாள் என்ன பதில் போட்டாய்? இருக்கலாம் வின்னி, ஆனால் பெற்றோர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள், இப்போது மாற்றிச் சொன்னால் வகுப்பின் பேர் கெட்டுவிடும், அவளுக்கு வேறு தலைப்பு கொடு என்று போட்டாய். வகுப்பின் பேராம்! அந்தப் பிள்ளைக்குப் பேர் இல்லையா?

தெரியாத்தனமாகச் சொன்னவளாக இருந்தால் நான் இந்தக் கத்து கத்த மாட்டேன். நீ யார், வசு? இங்கே பெமல் கம்பெனியில் இன்ஜினியராக இருந்தவர் வீட்டுப் பெண். பத்தாம் வகுப்பு வரைக்கும் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அட்டைப் பெட்டியைக் கிழித்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, அந்த டம்ப் உச்சியிலிருந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டு சறுக்கினது யார், ஏஐயா? வெள்ளைப் பொடி அப்பின பாவாடையோடு வீட்டுக்குப் போய் உன் அம்மாவிடம் அடி வாங்கினாயே, அதையும் இயந்திரம்தான் அவிழ்த்துவிட்டதா? வகுப்பின் இணையப் பக்கத்தில் உன்னைப் பற்றிப் போட்டிருப்பதை நான் என்றைக்கோ பார்த்துவிட்டேன். சென்னையில் பிறந்து வளர்ந்தவராம். போகட்டும், அவள் மாமியார் வீட்டுக்காக இருக்கும், நமக்கென்ன என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஊரை மறைத்துக்கொள், என்னைக்கூட மறைத்துக்கொள். அதற்காக ஒரு பிள்ளை கண்ணால் கண்டதைப் பொய் என்று சொல்வாயா? சிரித்தாயே, அப்போது உன் கண் கேமராவைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தாய். உன்னை எனக்குத் தெரியாதா?

இவ்வளவு திட்டியும் ஆத்திரம் தீரவில்லை. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். வருகிற சனிக்கிழமை மமதாவை என் வீட்டுக்கு அழைத்து வந்து என் பக்கத்தில் உட்கார வைப்பேன். வர மாட்டேன் என்று அடம் பிடிக்கிறாள், அது என் பாடு. உன் பாடு ஒன்றுதான். அந்தக் கட்டுரையை எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் நீயே உன் வாயால் படி. வெள்ளை மேடு என்று வருகிற இடத்தில் சைனைட் டம்ப் என்று சொல். அதை நானும் பார்த்திருக்கிறேன், அதில் சறுக்கியிருக்கிறேன், அது நான் பிறந்த ஊர் என்று சொல். சாரி பூரி எல்லாம் எனக்கு வேண்டாம், அவளுக்கும் வேண்டாம். நீ சொல்லாவிட்டால் அதற்கடுத்த வாரம் என் கட்டமும் திரையில் இருக்காது. அதைவிடக் கொடுமை, அந்தப் பெண் தமிழில் இன்னொரு வரி எழுத மாட்டாள்.

இந்தக் கவரோடு ஒரு பொட்டலம் வந்திருக்கும், பிரித்துப் பார்த்திருப்பாய். புதன்கிழமை ரயிலுக்குப் பூசை போட்டார்கள். அங்கே படைத்த பொரியும் கடலையும் அது. முதலில் எனக்கென்று ஒரு பொட்டலம் மமதாவின் அம்மா ஜெயம்மா கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக்கொள்ளும்போது ஆத்திரம் தாங்காமல் நான் உளறிவிட்டேன், அந்தச் சென்னை டீச்சர் எங்கேயோ பிறந்தவள் இல்லை, இந்த ஊர்க்காரிதான் என்று. சேர்ந்து நாலு வார்த்தை திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் என்னடாவென்றால் வீட்டுக்குப் போய் இன்னொரு பொட்டலம் கட்டி எடுத்து வந்தாள். "நம்ம ஊரு பொண்ணா அவங்க? அப்ப ரயிலு பொரி தின்னு எத்தினி வருசம் ஆச்சோ, பாவம். இதை அவங்களுக்கு அனுப்பிடுங்க டீச்சர்" என்றாள்.

அவளுக்கு உன்மேல் கோபம் இல்லை. அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம். பொரி நமுத்துப் போவதற்குள் தின்றுவிடு.

கர்த்தர் உனக்கும் உன் வீட்டாருக்கும் நல்ல சுகத்தைக் கொடுக்கட்டும். சனிக்கிழமை சாயங்காலம் உன் வாயையும் திறந்துவிடட்டும்.

இப்படிக்கு,
நீ இடுப்பைக் கட்டிக்கொண்டு சறுக்கின
வின்னி