கழற்றி வைத்த வேலி

மேசா, அரிசோனா
திங்கட்கிழமை

அன்புள்ள டெரிக்,

கப்பலில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நானும் கேலெபும் நலம். நேற்று நீ ஃபோனில் நலம் கேட்டபோது நடந்ததைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் மின்னஞ்சலில் எழுதுகிறேன்.

முதலில் நாம் வாங்கப்போகும் வீட்டு விஷயம். சோதித்துப் பார்க்க வந்தவர் கூரை, ஏசி, நீச்சல் குளத்து மோட்டார் எல்லாம் சரி என்றார். வேண்டாமென்றால் வியாழன் மாலைக்குள் சொல்லிவிட வேண்டும். அதற்கப்புறம் வீடு நம் தலையில்தான். சுற்றிலும் கடலை வைத்துக்கொண்டு கொல்லையில் நீச்சல் குளம் வேண்டுமென்று அடம்பிடிக்கிற ஆள் உன்னைத் தவிர யார்? எனக்கும் அந்தக் குளம் பிடித்துத்தான் இருந்தது, சனிக்கிழமை வரை.

குளத்தைச் சுற்றி வலைவேலி இருந்ததாம். விளம்பரப் படத்தில் குளம் அழகாகத் தெரியட்டும் என்று தரகர் பாட்ரீஸ் அதைக் கழற்றி கராஜில் சுருட்டி வைக்கச் சொல்லியிருக்கிறாள். இங்கே எல்லாரும் செய்வதுதான். தரையில் கம்பி நட்ட துளைகளை நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு, எவ்வளவு விசாலம் என்று வாயைப் பிளந்தேன், மண்டு.

சனிக்கிழமை பாட்ரீஸ் சமையலறை மேடையில் காகிதங்களைப் பரப்பினாள். அதில் ஒன்று குளப் பாதுகாப்பு அறிவிப்பு. படித்துவிட்டேன் என்று வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். குழந்தையை விட்டுக் கண்ணை எடுக்காதே என்பதுதான் முதல் வரி. அதை நான் படிக்கவில்லை, டெரிக். கையெழுத்து மட்டும் போட்டேன்.

கேலெப் என் காலடியில், வீட்டை விற்கிற ஹேட்ச் அம்மாவின் நாயோடு விளையாடிக்கொண்டிருந்தான். பின்கதவு பூட்டியிருந்தது, நானே இழுத்துப் பார்த்தேன். அந்தக் கதவின் அடியில் நாய் போய்வர, தள்ளினால் திறக்கும் ரப்பர் மடல் வைத்த ஓட்டை இருந்தது. நாய் அதில் நுழைந்து போயிருக்கிறது. நம் மூன்று வயசுப் பிள்ளையும் பின்னாலேயே போயிருக்கிறான்.

வீடு பார்க்க ஆள் வந்தால் வீட்டுக்காரர் வெளியே போய்விடுவதுதான் வழக்கம். ஹேட்ச் அம்மா முட்டிவலி என்று போகாமல் பின்னால் நிழலில் உட்கார்ந்திருந்தார். சத்தம் கேட்டு நான் ஓடியபோது அவர் செருப்போடு மார்பளவுத் தண்ணீரில் நின்றார். அவர் தோளில் கேலெப் இருமிக்கொண்டிருந்தான்.

"மூச்சு வருதும்மா, பயப்படாத. இந்தா, பிள்ளையைப் பிடி," என்றார்.

மருத்துவமனையில் ஒரு நாள் வைத்துப் பார்த்தார்கள். நுரையீரலில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பயல் இன்று காலையில், "மறுபடி தண்ணிக்குப் போலாமா?" என்று கேட்கிறான். அவனுக்குப் பயமே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

இன்று ஹேட்ச் அம்மா ஃபோன் செய்தார். ஓட்டையில் பலகை அடித்துவிட்டாராம், வேலியையும் மாட்டிவிட்டாராம். நாம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இனி யார் சொன்னாலும் அதைக் கழற்ற மாட்டாராம். சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன்.

பழியைப் பாட்ரீஸ் மேல் போட்டுப் பார்த்தேன். வேலி மேல், நாய் மேல் போட்டுப் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை. அங்கே அவனுக்கு அம்மா நான் ஒருத்திதான் இருந்தேன்.

அந்த அறிவிப்பில் உன் கையெழுத்துக்கான இடம் இன்னும் காலியாக இருக்கிறது. திட்ட வேண்டுமென்றால் திட்டு, தாங்கிக்கொள்கிறேன். வீடு வேண்டுமா வேண்டாமா என்பதைப் புதன்கிழமை எழுதினாலும் போதும். நீ திரும்பி வரும்வரை பிள்ளையை என்னிடம் விட்டுவைக்க உனக்கு இன்னும் மனசு இருக்கிறதா? அதை மட்டும் இன்றே எழுது.

நீ பத்திரமாகக் கரைக்கு வந்து சேர வேண்டும்.

உன்,
மெரிடித்