நீலச் செருப்பு, சிவப்புச் செருப்பு

ஜூலை 8
மகளின் அறிவியல் நோட்டைத் திறந்து பார்த்தேன். கோழி கிளறிய மாதிரி கையெழுத்து. பாதி வாக்கியம், அம்புக்குறி, ஓரமெல்லாம் கேள்விக்குறி. இதயம் பாடத்துக்கு ஒரு வீடு வரைந்திருக்கிறாள்! நான்கு அறை, நடுவே கதவுகள். வலப்பக்க அறைகளில் நீலச் செருப்பு, இடப்பக்க அறைகளில் சிவப்புச் செருப்பு. "கெட்ட ரத்தம் நீலம், நல்ல ரத்தம் சிவப்பும்மா" என்று விளக்கம் வேறு. பத்தாம் வகுப்பில் இருக்கிற பிள்ளை செய்கிற வேலையா இது?

நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் நான் எழுதித் தரும் சீட்டைப் பார்த்து, "அச்சடிச்சதா?" என்று கேட்பார்கள். என் வயிற்றில் பிறந்தது இப்படி. இனி நானே எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

ஜூலை 29
செரிமானப் பாடம் எழுதி முடித்தேன். தலைப்புக்கு ஒரு நிறம், முக்கியமானதற்கு அடிக்கோடு. பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சி.

"பரீட்சை உனக்கா அவளுக்கா?" என்கிறார் இவர். வேலை மெனக்கெட்டுச் செய்கிறேன், நக்கலுக்குக் குறைச்சல் இல்லை.

ஆகஸ்ட் 20
முதலில், "நானே எழுதிக்கிறேனேம்மா" என்று சிணுங்கினாள். இப்போது சிணுங்கல் இல்லை. வகுப்பில் பேனாவைத் திறப்பதே இல்லையாம். "எப்படியும் நீ எழுதத்தான போற?"

அவளுடைய பழைய கிறுக்கல் நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். அலமாரி சுத்தமாக இருக்கிறது.

ஜனவரி 11
அறிவியல் ஆசிரியை கூப்பிட்டுப் பேசினார். "நோட்டு ரொம்ப அழகா இருக்குங்க. ஆனா அதை மூடிட்டுக் கேட்டா ஒண்ணும் வரலையே. அவளையே அவ வார்த்தையில எழுத விடுங்க. ஓரத்துல கேள்வி எழுதட்டும், நோட்டை மூடிட்டுப் பதில் சொல்லிப் பாக்கட்டும்."

அதைத்தானே செய்துகொண்டிருந்தாள்? நான்தானே நிறுத்தினேன்?

வீட்டுக்கு வந்து, "இனி நீயே எழுதும்மா" என்றேன். "இப்பவா?" என்றாள். கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருக்கலாம்.

மார்ச் 19
அறிவியல் தேர்வு. இதயத்துக்குள் ரத்தம் போகும் வழியைக் கேட்டிருந்தார்களாம். பெரிய கேள்வி.

"எந்த ரூம்ல எந்தச் செருப்புன்னு யோசிச்சேன்மா. கண்ணை மூடினா உன் கையெழுத்துதான் வந்துச்சு. அடிக்கோடு எங்க போட்டிருந்தன்னுகூடத் தெரிஞ்சுது. என்ன எழுதியிருந்தன்னுதான் தெரியல."

ஐயோ. என்னடி பண்ணி வச்சிருக்கேன் நான்.

மே 27
அறிவியல் மதிப்பெண் போதாமல் பதினொன்றில் உயிரியல் பிரிவு கிடைக்கவில்லை. சின்ன வயதிலிருந்து கால்நடை மருத்துவர் ஆகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். வரலாற்றுப் பிரிவுப் படிவத்தில் அவளே கையெழுத்துப் போட்டாள். "பரவால்லம்மா" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

மே 28
செருப்பு வரைந்த அந்த ஒரு நோட்டையாவது வைத்திருக்கலாம்.

செப்டம்பர் 14
காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது வந்தாள். என் கையிலிருந்த கத்தியை வாங்கி வைத்துவிட்டு வரலாறு நோட்டைத் திணித்தாள். பக்கத்துக்குப் பக்கம் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் பதில். "இந்தப் பக்கம் மட்டும் கேளு. நான் அந்தாண்ட திரும்பிக்கிறேன்."

கேட்க முயன்றேன். ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. "ராணி" என்று நான் படித்தது "வரி"யாம். "என்ன எழுத்துடி இது?" என்றேன், வாய் சும்மா இருக்காமல்.

"எனக்குப் புரியும்ல?"

கடைசியில் வலப்பக்கத்தை என் கையால் மறைத்துக்கொண்டு நோட்டை அவளுக்கே காட்டினேன். கேள்வியைப் பார்ப்பாள், சுவரைப் பார்ப்பாள், கடகடவென்று சொல்வாள். சரியா தப்பா என்று எனக்கு எங்கே தெரியும்? கையை எடுத்தால் அவளே பார்த்து, "சரிதான்" என்று சொல்லிக்கொண்டாள்.

இதயத்துக்குள் ரத்தம் போகும் வழி எனக்கு இன்னும் தலைகீழ்ப் பாடம். அதை என்னிடம் கேட்பார் யாரும் இல்லை.