மேல் வளைவில் இரண்டு கேன்கள்

பிப்ரவரி 19

இன்று நாற்பத்தேழு பார்சல். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. லிஃப்ட் இல்லாத நான்காவது மாடி வீடு ஒன்று. கீழே நின்றபடியே போனில் 'ஒப்படைத்தாயிற்று' என்று தட்டிவிட்டு, அப்புறம்தான் படி ஏறினேன். எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்வதுதான். எப்படியும் ஏறத்தானே போகிறோம்.

மாலையில் அண்ணி வந்தார். பல் மருத்துவமனையிலிருந்து நேராக, வேலைக் கோட்டுகூடக் கழற்றாமல். போன வருடம் அண்ணன் பாதியில் விட்ட மலைப்பாதையை நடந்து முடிக்கப் போகிறாராம். நூற்று நாற்பது கிலோமீட்டர், பத்து நாள், பேருக்குக்கூட நிழல் கிடையாது. "நான் தனியாவே போயிடுவேன் அத்தை. ஆனா தம்பி கூட வந்தா உங்களுக்கு நிம்மதியா இருக்கும்." அம்மா யோசிக்கவே இல்லை. "அவன் வருவான்" என்றாள். என்னை யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 23

அண்ணி பை கட்டுகிறார், பிரிக்கிறார், மறுபடி கட்டுகிறார். நான் மெதுவாக, "முன்னாடியே போய் ரோடு வர்ற இடத்துல தண்ணி ஒளிச்சு வச்சுட்டு வந்துடறேன்" என்றேன்.

"எதுக்கு, மறுபடியும் எவனாவது தூக்கிட்டுப் போறதுக்கா? சுமந்துக்கலாம்."

சமையலறையில் அம்மா ஆரம்பித்துவிட்டாள். என் பிள்ளை தண்ணியை எடுத்தவன் நாக்கு வறண்டு சாகட்டும் என்று. நான் பால்கனிக்குப் போய்விட்டேன்.

பிப்ரவரி 24

இங்கே தவிர வேறு எங்கே சொல்வேன். திருடன் யாரும் இல்லை.

பாதையின் முதல் பாதியில் மண்சாலை அதை இரண்டு இடத்தில் தொடுகிறது. கீழ் வளைவு, மேல் வளைவு. இடையே ஒன்பது கிலோமீட்டர். போன வருடம் அண்ணன் கேட்டது கீழ் வளைவில் இரண்டு கேன் தண்ணீர். அடிவாரத்தைத் தாண்டினால் சிக்னல் இருக்காது என்று பெட்ரோல் பங்கில் நின்றே 'வச்சாச்சு' என்று அனுப்பினேன். பழக்கதோஷம். போனால், கீழ் வளைவுக்குப் பிரியும் சாலையை மணல் மூடியிருந்தது. இறங்கித் தூக்கிக்கொண்டு நடந்தால் மூன்று கிலோமீட்டர். மறுநாள் காலை ஆறு மணிக்கு வேலை. மேல் வளைவுக்கான சாலை நன்றாக இருந்தது. அங்கே கொண்டுபோய்க் கற்களுக்கு அடியில் வைத்தேன். ஒன்பது கிலோமீட்டர்தானே, சமாளித்துவிடுவான்.

திரும்பி வந்து சிக்னல் கிடைத்ததும் இடம் மாறியதை எழுதி அனுப்பினேன். அவனுக்குப் போய்ச் சேரவில்லை. ஏற்கெனவே மலைக்குள் போயிருந்தான். பிறகு அந்த மெசேஜை அழித்தேன்.

கீழ் வளைவில் கற்களையெல்லாம் யாரோ புரட்டிப் போட்டிருந்ததாக வனக்காவலர் சொன்னார். யாரோ இல்லை, அவன்தான். மேல் வளைவுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது தாகத்தில் விழுந்து செத்திருக்கிறான். அம்மாவும் அண்ணியும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "வச்ச தண்ணியை எவனோ எடுத்துட்டான்" என்று சொல்லிவிட்டேன்.

கேன்கள் இன்னும் அங்கேதான் இருக்கும். ஒரு வருடமாக அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பக் கை வரவில்லை. அண்ணி பார்ப்பதற்கு முன் எடுத்துவிட வேண்டும்.

மார்ச் 2

முதல் நாள். கேன்களை எடுக்கப் போகாமலே கிளம்பிவிட்டேன். பதினான்கு கிலோமீட்டர். மாடி மாடியாக ஏறுகிறவன் என்ற கர்வம் எல்லாம் முதல் ஏற்றத்திலேயே போயிற்று. அண்ணி மேலே நின்று, "பார்சல் வருமா, இல்லை திருப்பி அனுப்பிடலாமா?" என்றார். ஒரு வருடத்தில் அவர் கிண்டல் செய்து இன்றுதான் கேட்கிறேன். சிரித்தேன். பிறகு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

மார்ச் 4

முள், கல், வெயில். உதடு வெடித்துவிட்டது.

மார்ச் 5

சரியாக இல்லை. விலங்குகளுக்காக வனத்துறை கட்டிய தொட்டியை நம்பி வந்தோம். விரிசல் விட்டுக் காய்ந்து கிடக்கிறது. இரண்டு பேருக்குமாக மூன்று லிட்டர் மிச்சம். பின்னால் இரண்டு நாள் நடை, முன்னால் காவலர் குடிசை முப்பது கிலோமீட்டர். முன்னால் போவது என்று முடிவு செய்தோம்.

கேன் வைக்க வேண்டாம் என்று அண்ணி ஏன் சொன்னார்? என் பொய்யை நம்பித்தானே. இதுவும் என் கணக்கில்தான்.

மார்ச் 6

காலையில் கீழ் வளைவு. கற்கள் அப்படியே கிடக்கின்றன. வெயில் படாமல் இருந்த பக்கம் வெளுப்பாக மேலே தெரிகிறது. நாற்பது, ஐம்பது இருக்கும். சில கற்களை ஒரு ஆள் தூக்கியிருக்க முடியாது என்று தோன்றும். அண்ணி நடுவில் நின்று, "இவ்வளவு தேடியிருக்காரே. இருக்கும்னு எவ்வளவு நம்பியிருப்பாரு" என்றார். அப்போதே சொல்லியிருக்கலாம். "வெயில் ஏறுது அண்ணி" என்றேன்.

என் பங்குத் தண்ணீரை அவருடைய பாட்டிலில் ஊற்றினேன். ஏழு கிலோமீட்டர் வந்துவிட்டோம். அண்ணன் விழுந்த இடத்தில் காவலர்கள் ஒரு கம்பியை நட்டிருக்கிறார்கள். அண்ணி அங்கே உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழவில்லை. வியர்வை நின்றுவிட்டது, பேச்சு குழறுகிறது. பாட்டிலில் ஒரு சொட்டு இல்லை.

என்ன செய்ய — என்ன செய்யறதுன்னு தெரியாமல் இல்லை, தெரிஞ்சுதான் நின்னேன். ஒரு நிமிஷம் நின்னேன். அதையும் எழுதணும். காப்பாத்துறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் என்னைப் பத்தி யோசிச்சேன்.

"தண்ணி இருக்கு அண்ணி. கொண்டு வரேன். தூங்கிடாதீங்க."

இரண்டு கிலோமீட்டர். இருபத்தைந்து நிமிடத்தில் போய்விட்டேன். அவ்வளவுதான் தூரம். இவ்வளவு பக்கத்தில் இருந்ததா? கற்களைத் தள்ளினேன். இரண்டும் இருந்தன. மூடியின் முத்திரைகூட உடையவில்லை. ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன், தலையில் நனைத்தேன். அரை மணி கழித்துத்தான் அவருக்குக் கண் தெளிந்தது. கேனின் மேல் என் கையெழுத்தில் பெறுநர், அண்ணனின் செல்லப்பெயர், போன வருடத் தேதி. பார்சல்காரன் புத்தி, எழுதாமல் வைக்க மாட்டேன். படித்தார். இன்னொரு முறை படித்தார்.

"எங்கே இருந்துச்சு?"

"மேல் வளைவுல."

"நீங்க வச்ச இடத்துலயா?"

"ஆமா அண்ணி."

எல்லாவற்றையும் சொன்னேன். மணல், மறுநாள் வேலை, பெட்ரோல் பங்கில் நின்று மெசேஜ் அனுப்பியது, பிறகு அழித்தது. திட்டுவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் மூடியைத் திறந்து மறுபடியும் குடித்தார். குடித்துக்கொண்டே அழுதார்.

மார்ச் 7

நேற்று மாலை மேல் வளைவு வந்து சேர்ந்தோம். காலையில் ரோந்து ஜீப் வந்தது. வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

"நீங்க ஜீப்ல போங்க. மீதியை நான் நடக்கறேன். இன்னும் ரெண்டு இடத்துல ரோடு வருது. ரெண்டு இடத்துலயும் தண்ணி வையுங்க. அடுத்த இடம் வரைக்கும் ஆகுற தண்ணி மட்டும்தான் எடுத்துட்டுப் போவேன்."

"என்னை நம்பியா அண்ணி?"

"நம்பிக்கை எல்லாம் இல்லை. வைக்கணும், அவ்வளவுதான்."

மார்ச் 8

சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில், "அவ தண்ணி குடிச்சாளா?" என்று கேட்டாள். குடித்தார் என்றேன். வைத்துவிட்டாள்.

மார்ச் 9

வாடகை ஜீப் ஓடைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. மீதி நான்கு கிலோமீட்டர். இரண்டு கேனையும் ஒரே நடையில் தூக்க முடியவில்லை. இரண்டு முறை போய் வந்தேன். வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மூன்றரை மணிக்கு அண்ணி வந்தார்.

"வச்சுட்டுப் போங்கன்னுதானே சொன்னேன்."

"போக முடியலை."

பாட்டில்களை நிரப்பிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "கடைசி ரெண்டு கிலோமீட்டர், தண்ணி இருக்குமா இருக்காதான்னுதான் நடந்தேன். அவரு அப்படி நடக்கலை. இங்கே இல்லைன்னா அங்கே இருக்கும்னு நடந்திருக்காரு. நீங்க ஏமாத்துவீங்கன்னு அவருக்குத் தோணியிருக்காது."

போகும்போது, "அடுத்த இடத்துல நீங்க இருக்க வேண்டாம்" என்றார்.

மார்ச் 10

வைத்தேன். இருக்கவில்லை.

மார்ச் 12

பாதை முடியும் ஊரில் பேருந்து நிலையத்தில் காத்திருந்தேன். பதினொரு மணிக்கு மலையிலிருந்து இறங்கி வந்தார். நொண்டுகிறார். முகம் கறுத்து, வேறு ஆள் மாதிரி இருந்தது. பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன், தரவில்லை.

பேருந்து காலி. ஜன்னலோரம் உட்கார்ந்து, பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தார். நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தேன். வழியில் கூட்டம் ஏறியது. ஒரு பெரியவர் கேட்டதும் அண்ணி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் கொடுத்தார். அவர் இறங்கிப் போனதும் மறுபடியும் அங்கேயே வைத்தார்.