இறக்கை வெட்டிய பறவை

நேற்று குத்தாலம் போகிற வழியில் பஸ் பஞ்சராகி நின்றது. பக்கத்துத் தோப்பிலிருந்து ஒரு கத்தல், எண்ணெய் காணாத கிணற்று ராட்டினம் சுற்றுகிற மாதிரி. வேலி வழியாக எட்டிப் பார்த்தேன். அன்று பார்த்த அதே மாதிரிப் பறவை: சாம்பல் நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, மொட்டைத் தலை. தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவரைக் கேட்டேன். "கினிக்கோழிங்க. பாம்பு வந்தா கத்தி ஊரைக் கூட்டிடும்" என்றார். இத்தனை வருடம் கழித்துத்தான் அதன் பெயரே தெரிகிறது, மச்சான். சொல்லலாம் என்றால் நீ இல்லை.

அந்த வருடம் பண்ணையாரிடம் அறுவடைக்குக் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு, நாம் சங்கமாகச் சேர்ந்து அரிவாளைக் கீழே வைத்திருந்தோம். ஆட்சி மாறியிருந்தது. வந்தவர்கள் நம்மவர்கள், இனி போலீஸ் நம் தெருவுக்குள் வராது என்று நான் நம்பினேன். எட்டாவது படித்தவன் என்பதால் நான் சொல்வதை எல்லாரும் நம்பினார்கள். நாளாக ஆக நத்தையும் வயல் நண்டும்தான் சாப்பாடு. அப்போதுதான் வாய்க்கால் கரையில் அந்தப் பறவையைப் பிடித்து வந்தாய்.

தெருவே கூடிவிட்டது. ஒருவர் மயில் குஞ்சு என்றார், ஒருவர் வான்கோழி என்றார். "கவுதாரிதான்டா, தின்னு கொழுத்திருக்கு" என்று நீ அடித்துச் சொன்னாய். காட்டுப் பறவை என்றால் பிடித்தவனுக்கு, வளர்ப்புப் பறவை என்றால் பண்ணைக்கு. அதுதான் அங்கே வழக்கம். உனக்கு வாழ்க்கைப்பட்ட என் தங்கை, இடுப்புப் பிள்ளையோடு சட்டியைக் கழுவி வைத்துவிட்டாள்.

நான்தான் இறக்கையை விரித்துப் பார்த்தேன். பறந்து போகாமலிருக்க ஒரு பக்கம் கத்தரியால் வெட்டியிருந்தது. "வளக்கறது மச்சான். தின்னா திருட்டுக் கேஸ் போட்டு சங்கத்தையே ஒடச்சிடுவாங்க. கொண்டுபோய்க் குடுத்துடு" என்றேன்.

சட்டியை ஒரு தடவை பார்த்தாய். "நீ சொன்னா சரி" என்று எழுந்து போனாய்.

பண்ணை வீட்டு வாசலிலேயே காரியஸ்தர் உன்னைப் பறவையோடு பிடித்துக்கொண்டார். கையும் களவுமாக அகப்பட்டதாகக் கேஸ். சங்கத்துக்காரன் கோழித் திருடன் என்று ஊரெல்லாம் பேச்சு. நீ போலீஸ் ஸ்டேஷனிலிருந்து விலாவைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது, தெரு பழைய கூலிக்கே அறுப்பில் இறங்கியிருந்தது. நானும் இறங்கியிருந்தேன்.

அதைப் பற்றி நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. உன் கருமாதியன்று தங்கைதான் சொன்னாள்: "யார்டா அனுப்புனான்னு அடிச்சுக் கேட்டாங்களாம். ஒம் பேரச் சொல்லல அண்ணே."

எனக்கு அலுத்துப்போய்விட்டது, மச்சான். வரப்புத் தகராறு, பட்டா தகராறு என்று இன்னமும் என்னிடம்தான் யோசனை கேட்டு வருகிறார்கள். சொல்ல வாயெடுத்தால், எழுந்து போகிற உன் முதுகு தெரிகிறது. "ஒங்க இஷ்டம்ப்பா" என்று அனுப்பிவிடுகிறேன்.